ஜிப்ஸியின் நீலப்புகை: வால்வ் கைடு மாற்றுவது என்றால் என்ன வேலை?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. எட்டு வால்வ் கார்புரேட்டர் எஞ்சின் கொண்ட பழைய மாருதி ஜிப்ஸி கிங், 1.70 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. குன்னூரிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கி, கல்லாறு தாண்டி சமதளத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு பெரிய நீலப்புகை மேகம். கொஞ்ச தூரத்தில் அதுவே அடங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் "போர் போச்சு, ரிங் பிஸ்டன் மாத்தணும்" என்கிறார், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையே தேய்ந்துவிட்டதாம். இன்னொருவர் "ஆயில் சீல் மட்டும் போடுங்க, போதும்" என்கிறார். மூன்றாமவர் ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பாகம்) இறக்கி எட்டு கைடும் (வால்வின் தண்டு உள்ளே ஏறி இறங்கும் சிறு குழாய்) மாற்றச் சொல்கிறார். யாரை நம்புவது, கைடு மாற்றினால் உண்மையில் என்னென்ன செய்வார்கள் என்பது கேள்வி.

நான் கோவையில் ஹெட் வேலை மட்டுமே பார்க்கும் கடைசல் பட்டறைக்காரன். மூன்றாமவர் சொல்வதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவரும் பாதிதான் சொல்லியிருக்கிறார். கைடு மாற்றும் வேலையில் கைடு போடுவது சின்னப் பாதி. பெரிய பாதி சீட், அதாவது வால்வ் மூடும்போது உட்காரும் வளையம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் புகை. மலை இறங்கும்போது காலை எடுத்துவிடுகிறீர்கள், கார்புரேட்டரின் த்ராட்டில் மூடியிருக்கிறது, சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் குழாய்) உருவாகும் வெற்றிடம் ஐடிலில் இருப்பதைவிடக் கடுமையானது. சமவெளியில் நல்ல எஞ்சின் ஐடிலில் பாதரசக் கணக்கில் 450 முதல் 500 மி.மீ. காட்டும், எஞ்சின் பிரேக்கில் அது 550-ஐத் தாண்டும். வால்வ் தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் ஹெட்டின் மேல் மூடியான ராக்கர் கவருக்குள் தெறிக்கும் ஆயிலை அந்த வெற்றிடம் கைடு வழியாக உறிஞ்சும். இறங்குகிற நேரம் முழுக்க அந்த ஆயில், வால்வுக்குப் போகும் வழியான போர்ட்டில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கீழே வந்து மிதித்ததும் சேர்ந்தது மொத்தமும் எரிகிறது. சேர்ந்தது தீர்ந்ததும் புகை நிற்கிறது. இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குபுக் புகை வருவதும் இதே கதைதான். ராக்கர் பக்கம் தேங்கிய ஆயில் ராத்திரி முழுக்கத் தண்டு வழியாக வழிந்து இறங்கியிருக்கும்.

ரிங் போனால் புகையின் குணமே வேறு. ஏற்றத்தில் மிதித்து ஏறும்போது விடாமல் வரும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் எடுத்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாமல் அப்படியே குறைவாக இருந்தால் வால்வ் சரியாக உட்காரவில்லை. இரண்டு முறையும் நன்றாக இருந்து புகை மட்டும் வந்தால் சீல் அல்லது கைடு. ரிங் போன எஞ்சினுக்கு ஹெட் வேலை செய்து கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு, அதனால்தான் ஹெட்டைக் கொண்டு வருகிறவர்களிடம் இந்தச் சோதனையை முதலில் கேட்பேன். டீசல் வண்டிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய டீசலில் த்ராட்டில் கிடையாது, வெற்றிடமும் அவ்வளவு கிடையாது. அதனால் கைடு நன்றாகத் தேய்ந்தும் இந்த மலை இறக்கப் புகை அதில் வராமலே இருக்கலாம்.

சரி, சீலா கைடா? சீல் என்பது தண்டைக் கவ்வியிருக்கும் ஒரு ரப்பர் தொப்பி. சூட்டில் வருடக்கணக்கில் வெந்து கல்லாகிவிடும். சீல் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்றால் ஹெட்டை இறக்கவே வேண்டாம். பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து வால்வ் கீழே விழாமல் நிறுத்திக்கொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீல் மாற்றலாம். கம்ப்ரஸர் இல்லாத ஊரில், பிஸ்டன் கீழே இருக்கும்போது சுத்தமான நைலான் கயிற்றைப் பிளக் ஓட்டை வழியாக உள்ளே அடைத்து, பிஸ்டனை மெல்ல மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டியிருக்கும்!

ஆனால் கைடு தேய்ந்திருந்தால் புதுச் சீல் அதிக நாள் தாங்காது. 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3,000 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் தண்டு பக்கவாட்டில் ஆடினால் சீலின் உதடு அந்த ஆட்டத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். சில மாதம் புகை நிற்கும், பிறகு பழைய கதை. "போன வருஷம்தான் சீல் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வரும் ஹெட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கைடு எப்படித் தேய்கிறது என்று தெரிந்தால் அளப்பதும் எளிது. இந்த எஞ்சினில் கேம் மேலே இருக்கிறது, ராக்கர் ஆர்ம் வழியாக வால்வைத் தள்ளுகிறது. ராக்கர் நேராகக் கீழே அழுத்துவதில்லை. வட்டமாக அசைவதால் தண்டின் நுனியில் கொஞ்சம் உரசிக்கொண்டே பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் திசையில் கைடின் மேல் வாயும் கீழ் வாயும் எதிரெதிர்ப் பக்கமாகத் தேயும். நடுப்பகுதி கிட்டத்தட்டப் புதிது போலவே இருக்கும். இரண்டு முனையும் மணியின் வாய் மாதிரி விரிந்து, வட்டம் போய் முட்டை வடிவமாகியிருக்கும். அதனால் நடுவில் மட்டும் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

எக்ஸாஸ்ட் கைடின் கீழ் வாய்தான் எப்போதும் மோசம். நெருப்பு போகிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது, கரி படிகிறது, ஆயில் குறைவு. எல்பிஜி அல்லது சிஎன்ஜிக்கு மாற்றிய வண்டிகளில் இன்டேக் பக்கமும் சீக்கிரம் தேயும். பெட்ரோல் திரவமாக வந்து கொஞ்சம் நனைத்துக் குளிர்விக்கும், வாயுவில் அது இல்லை.

இப்போது எண்கள். இந்த ஜி13 எட்டு வால்வ் எஞ்சினில் தண்டு பெயரளவில் 7 மி.மீ. புதுக் கைடின் உள்விட்டம் 7.000 முதல் 7.015. புது இன்டேக் தண்டு 6.965 முதல் 6.980, எக்ஸாஸ்ட் தண்டு 6.950 முதல் 6.965. எக்ஸாஸ்ட் அதிகம் சூடாகி விரிவதால் வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாக வைத்திருக்கிறார்கள். ஆக, புதிதில் இடைவெளி இன்டேக்கில் 0.020 முதல் 0.050, எக்ஸாஸ்ட்டில் 0.035 முதல் 0.065. தேய்மான எல்லை இன்டேக் 0.07, எக்ஸாஸ்ட் 0.09. தலைமுடி ஒன்றின் தடிமன் அளவில்தான் இந்த வித்தியாசம் எல்லாம். கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை.

தண்டை மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில், கைடை ஸ்மால் ஹோல் கேஜால் மேலே, நடுவில், கீழே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். கரியைச் சுத்தமாக எடுத்துவிட்டு அளப்பது முக்கியம், தண்டில் ஒட்டிய கரி தேய்மானத்தை மறைத்துவிடும். ஸ்மால் ஹோல் கேஜ் இல்லாத பட்டறையில், தண்டின் நுனியில் டயல் கேஜை வைத்து வால்வை இருபுறமும் ஆட்டிப் பார்க்கலாம். அதற்கும் எல்லை கொடுத்திருக்கிறார்கள்: இன்டேக் 0.14, எக்ஸாஸ்ட் 0.18.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் தண்டு 6.94, கைடின் கீழ் வாய் 7.05. இடைவெளி 0.11, எல்லை தாண்டிவிட்டது. வால்வை மட்டும் புதிதாகப் போட்டால்? 6.955 உள்ள புது வால்வோடு 0.095. இன்னும் எல்லைக்கு வெளியேதான். கைடு மாற்றியே ஆக வேண்டும். இன்டேக்கில் தண்டு 6.95, கைடு 7.03 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.08, இதுவும் எல்லை தாண்டியது. 6.975 உள்ள புது வால்வ் போட்டால் 0.055. தாளில் பாஸ். ஆனால் புதிதில் இருக்க வேண்டிய அதிகபட்சத்தையே தாண்டி நிற்கிறது. ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் வாங்கி, பெல்ட் கழற்றி, கூலி கொடுத்த பிறகு நான்கு இன்டேக் கைடை மட்டும் மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எட்டையும் மாற்றுங்கள்.

கைடு மாற்றாமல் ஒப்பேற்றும் வழிகளும் உண்டு. நர்லிங் என்று ஒன்று செய்வார்கள்: கைடுக்குள் ஒரு கருவியைச் சுழற்றி உலோகத்தைப் பள்ளம் மேடாக்கி, மேடு உள்ளே தள்ளி வந்ததும் ரீமர் என்ற துளை சீவும் கருவியை ஓட்டி அளவுக்குக் கொண்டுவருவார்கள். தண்டு உரசுவது அந்த மேடுகளின் முனையில் மட்டும். அவை தேய்ந்ததும் பழையபடி ஆட்டம். விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது, அதற்கு மேல் நான் சொல்லவில்லை. வெண்கல லைனர் வேறு. கைடை உள்ளே பெரிதாகக் குடைந்து மெல்லிய வெண்கலக் குழாயைச் செருகுவது, அது கௌரவமான வேலை. கைடு தனியாக இல்லாமல் ஹெட்டின் வார்ப்பிலேயே துளையாக இருக்கும் எஞ்சின்களுக்கு அதுவே நல்ல வழி. பழைய அமெரிக்க வி8 இரும்பு ஹெட்கள் பலவும் அப்படித்தான். உங்கள் ஜிப்ஸி ஹெட் அலுமினியம், கைடு தனி. அதனால் புதுக் கைடுதான்.

வார்ப்பிரும்புக் கைடா வெண்கலமா என்று கேட்பார்கள். வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட் தானே உயவு தரும், ஆயில் குறைவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வெண்கலம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், ரேஸ் வண்டிக்கு அருமை, ஆனால் ரீமர் கூர்மையாக இல்லாவிட்டால் கிழிந்து வரும். சாதாரண ஜிப்ஸிக்குக் கம்பெனி கொடுக்கும் கைடே போதும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்யவில்லை. ஸ்பிரிங் பக்கம் கைடு எவ்வளவு உயரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்வதுதான் அது. இந்த எஞ்சினுக்கு 14 மி.மீ. நான் ஒரு ஹெட்டில் கண்ணளவாக அடித்து ஒன்றரை, இரண்டு மி.மீ. உயரமாக நிறுத்திவிட்டேன். வால்வ் முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் மேல் தட்டு கீழே வந்து சீலின் தலையில் இடித்திருக்கிறது. வண்டி போன மூன்றாம் நாள் முன்னைவிட அதிகப் புகையோடு திரும்பி வந்தது. கைடு, ரீமிங், சீட் எல்லாம் சரியாக இருந்தும் எட்டுச் சீலும் நசுங்கிப்போயிருந்தன. கூலியும் வாங்கவில்லை, கேஸ்கெட்டும் என் காசு. சில எஞ்சின்களில் கைடின் வெளியே ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள், அது ஹெட்டில் தட்டியதும் தானே நின்றுவிடும். வளையம் இல்லாதவற்றுக்கு, அளந்த உயரத்துக்கு ஒரு குழாய்த் துண்டைக் கடைந்து வைத்துக்கொண்டால் அது தொட்டதும் நிறுத்தலாம். அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் அந்தத் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

கழற்றும் திசை எரியறைப் பக்கமிருந்து ஸ்பிரிங் பக்கம். அதற்கு முன் போர்ட்டுக்குள் நீட்டியிருக்கும் கைடு முனையில் ஒட்டிய கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கரி அரம் மாதிரி அலுமினியத் துளையைக் கீறிக்கொண்டே வரும். அடிக்கும் பஞ்ச் இரண்டு படியாகக் கடைந்திருக்க வேண்டும்: மெலிந்த பகுதி கைடுக்குள் நுழைந்து நேராகப் பிடித்துக்கொள்ளும், தடித்த பகுதி கைடின் முகத்தில் உட்காரும், ஆனால் துளையைத் தொடாது. வெறும் போல்ட்டை வைத்து அடித்தால் கைடின் முனை பூவாக விரிந்து துளைக்குள் சிக்கிக்கொள்ளும். இறுகிப்போன கைடை அடித்துக்கொண்டே இருக்காமல், மெஷினில் உள்ளே குடைந்து சுவரை மெலிதாக்கிவிட்டால் பிடி தளர்ந்து லேசாக வந்துவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் துளை பிழைக்கும்.

ஹெட்டைச் சூடாக்குவது கட்டாயம். 80 முதல் 100 டிகிரி செல்சியஸ், ஹெட் முழுவதும் ஒரே சீராக. ஓவன் நல்லது. ஓவன் இல்லாவிட்டால் பெரிய பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வைத்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகவே போகாது என்ற உத்தரவாதம் இருக்கிறது. எடுத்ததும் காற்றடித்து உலர்த்திக்கொள்ள வேண்டும். கேஸ் டார்ச்சால் கைடைச் சுற்றி மட்டும் காட்டுவதுதான் கூடாது. ஓரிடம் மட்டும் சூடானால் ஹெட் முறுக்கிக்கொள்ளும், 200 டிகிரியைத் தாண்டினால் அலுமினியத்துக்கு வெப்பப் பதனத்தில் கொடுத்த கெட்டித்தன்மை இறங்க ஆரம்பிக்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். கைடு துளையைவிடப் பெரிதாக இருந்து இறுக்கத்தில்தான் நிற்கிறது, அலுமினிய ஹெட்டில் பொதுவாக 0.03 முதல் 0.05 மி.மீ. அலுமினியம் ஒரு டிகிரிக்கு விரியும் அளவு இரும்பைப்போல இரண்டு மடங்கு. 30 டிகிரியில் இருக்கும் ஹெட்டை 100-க்குக் கொண்டுபோனால் 12 மி.மீ. துளை சுமார் 0.019 மி.மீ. பெரிதாகிறது. புதுக் கைடை ராத்திரியே ஃப்ரீசரில் போட்டு வைத்து மைனஸ் 18-இல் எடுத்தால் அது 0.006 அல்லது 0.007 சுருங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து 0.025-க்கு மேல். இறுக்கத்தில் பாதிக்கு மேல் அங்கேயே காணாமல் போகிறது, மூன்று நான்கு தட்டில் கைடு உள்ளே போய்விடும். இதையெல்லாம் செய்யாமல் குளிர்ந்த ஹெட்டில் சுத்தியலால் இறக்கினால், கைடு அலுமினியத்தைச் சீவிக்கொண்டே போகும். அப்படிச் சீவிய துளை இறுக்கமாகத் தெரியும், ஓடிச் சூடானதும் கைடு தளர்ந்து நகரும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்தபின் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. கைடு சின்னப் பொருள், சூடான துளையில் நுழைந்த சில நொடியில் சூட்டை வாங்கிக்கொள்ளும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். எட்டையும் ஒன்றாக எடுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே மூச்சில் உயரம் வரை இறக்கிவிட வேண்டும்.

பழைய கைடைக் கழற்றிய துளையில் பழைய அளவுக் கைடே போதாது. கழற்றும்போது துளை எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதனால் தயாரிப்பாளரே மாற்றுக்குக் கொடுக்கும் கைடு வெளிவிட்டத்தில் 0.03 மி.மீ. கூடுதலாக இருக்கும். துளையில் 12 மி.மீ. ரீமரை ஓட்டிப் பிசிறு எடுத்து வட்டமாக்கிவிட்டு அதைப் போட வேண்டும். கழற்றிய கைடைத் திரும்பப் போடுவது என்ற பேச்சே இல்லை. துளை ஏற்கெனவே கெட்டிருந்தால் அதை அளந்து, அந்த அளவுக்கு ஏற்ப கைடைத் தனியாகக் கடைய வேண்டும். பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கைடு இறங்கி, ஹெட் முழுதாக ஆறிய பிறகுதான் உள்விட்டம். இறுக்கத்தில் போனதால் கைடின் உள்துளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், புது வால்வ் நுழையவே நுழையாது. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, அது சரியான அறிகுறிதான். 7 மி.மீ. ரீமரை எண்ணெய் விட்டு, வலப்பக்கமாக மட்டும் சுற்றி உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே எடுக்கும்போதும் அதே திசையில் சுற்றிக்கொண்டேதான் எடுக்க வேண்டும். திருப்பிச் சுற்றினால் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே சீவல் மாட்டி, ரீமரும் போகும், சுவரில் கோடும் விழும். கடைசி ஒன்றிரண்டு மைக்ரானைச் சின்ன ஹோனால் (தேய்ப்புக் கருவி) எடுத்தால் மேற்பரப்பில் ஆயில் தங்க மெல்லிய கோடுகள் கிடைக்கும்.

இங்கே ஆசைப்படக் கூடாது. "இன்னும் டைட்டா வைங்க, ரொம்ப நாள் வரும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் தண்டு சூட்டில் விரிந்து கைடில் பிடித்துக்கொண்டால் வால்வ் திறந்தபடியே நின்றுவிடும், சில எஞ்சின்களில் பிஸ்டனிடம் அடியும் வாங்கும். எதிர்ப்பக்கம், பிடித்துவிடுமோ என்ற பயத்தில் லூஸாக வெட்டிக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. அது பாதி தேய்ந்த கைடைப் புதிதாக விற்பது மாதிரி. வால்வை ஒவ்வொன்றாக அளந்து, எந்த வால்வ் எந்தக் கைடுக்கு என்று எண் போட்டு, இன்டேக்கில் 0.03 பக்கமும் எக்ஸாஸ்ட்டில் 0.05 பக்கமும் கொண்டுவருவது என் பழக்கம்.

இனி அந்தப் பெரிய பாதி. வால்வ் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கைடுதான். சீட் வெட்டும் கருவியின் நடுக்கம்பி கைடுக்குள்தான் நுழைகிறது, கைடின் மையம்தான் சீட்டின் மையம். பழைய கைடு எந்தப் பக்கம் தேய்ந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்தே வால்வ் இத்தனை வருடம் சீட்டைத் தேய்த்திருக்கிறது. புதுக் கைடு வந்ததும் மையம் நகர்ந்துவிட்டது. சில பத்து மைக்ரான்தான், ஆனால் வால்வ் ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் இடைவெளி விட இது போதும். அதை மூட ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் தண்டை வளைத்து உட்கார வைக்கும். அப்படி வளைந்து வளைந்து எக்ஸாஸ்ட் வால்வ் கழுத்தில் ஒடிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். சூட்டுக் கணக்கும் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. மிச்சம் தண்டு வழியாகக் கைடுக்குப் போகிறது. ஒரு பக்கம் தொடாமல் இருந்தால் அந்தப் பக்கம் எரிந்து பள்ளம் விழும்.

எமரி பேஸ்ட் போட்டுக் கையால் அரைத்தால் சரியாகிவிடும் என்பது நம் ஊரில் ஊறிய நம்பிக்கை. வெட்டி முடித்த சீட்டில் வால்வ் சுற்றிலும் சீராகத் தொடுகிறதா என்று பார்க்க, கடைசி மெருகு கொடுக்க அரைப்பது சரி. நகர்ந்த மையத்தை அரைத்துத் திருத்த முடியாது. அரைத்துக்கொண்டே போனால் வால்வ் முகத்தில்தான் பள்ளம் விழும். கைடு முடிந்ததும் சீட்டை 45 டிகிரியில் வெட்டி, மேலும் கீழும் வேறு கோணத்தில் சீவி, தொடும் பட்டையை 1.3 முதல் 1.5 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீல மை தடவிப் பார்த்தால் அந்தப் பட்டை வால்வ் முகத்தின் நடுவில், உடையாமல் ஒரு வளையமாகத் தெரிய வேண்டும். நடுக்கம்பியில் டயல் கேஜ் மாட்டிச் சுற்றினால் முள் 0.05-க்கு மேல் ஆடக் கூடாது.

சீட் வெட்ட வெட்ட வால்வ் உள்ளே இறங்கும், தண்டின் நுனி அந்த அளவுக்கு மேலே வரும். உங்கள் எஞ்சினில் ராக்கரில் திருகு இருப்பதால் டேப்பெட் (ராக்கருக்கும் தண்டு நுனிக்கும் நடுவே விடும் இடைவெளி) வைத்துச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் ஸ்பிரிங் உட்காரும் உயரம் கூடி அழுத்தம் குறையும், அதையும் அளந்து தேவைப்பட்டால் அடியில் வாஷர் கொடுக்க வேண்டும்.

மற்றவை வழக்கமான வேலைகள். ஹெட்டின் அடிப்பரப்பு வளைவு 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சீட்டுக்குச் சீட்டு நடுவே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் பார்க்க வேண்டும். அதைக் கைடு போடுவதற்கு முன்பே பார்த்துவிட்டால் காசு மிச்சம். எல்லாம் முடிந்ததும் ஹெட்டைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், கைடுக்குள்ளும் பிரஷ் போக வேண்டும். அங்கே தங்கும் எமரித் துகள் புதுக் கைடைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய கைடாக்கிவிடும். வால்வை ஆயில் தடவிச் செருகிய பிறகு, ஸ்பிரிங் தட்டைப் பிடிக்கும் லாக் உட்காரும் காடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுச் சீலை இறக்குங்கள். வெறுமனே இறக்கினால் காடியின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடும். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் கையோடு மாற்றிவிடுவது நல்லது, எப்படியும் கழற்றியாகிவிட்டது.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது. முதலில் கம்ப்ரஷனை இரண்டு விதமாகவும் எடுங்கள். ஆயில் விட்டதும் ஏறவில்லை என்றால் போர் ஆசாமியை மறந்துவிடலாம். ஹெட்டைக் கொண்டுபோகும் பட்டறையில் இரண்டு விஷயம் கேளுங்கள்: கைடு போட்டபின் சீட் வெட்டுவீர்களா, எட்டு வால்விலும் தண்டுக்கும் கைடுக்கும் உள்ள இடைவெளியை எழுதிக் கொடுப்பீர்களா. "வெட்டத் தேவையில்லை, அரைச்சாப் போதும்" என்று பதில் வந்தால் அடுத்த பட்டறைக்குப் போங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் அளக்கும் கருவி இருக்கிறதா என்பதே சந்தேகம்.

மாட்டி ஓட்டிய முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் புகை வந்தால் உடனே பட்டறைக்காரரைத் திட்ட வேண்டாம். மேனிஃபோல்டிலும் சைலன்சரிலும் ஊறியிருக்கும் பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும். 1,000 கிலோமீட்டரில் டேப்பெட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள், புதுச் சீட் படிந்து எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி குறைந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் குன்னூரிலிருந்து அதே மாதிரி இரண்டாவது கியரில் இறங்கி, கல்லாற்றில் மிதித்துப் பாருங்கள், கண்ணாடியில் ஒரு கண் இருக்கட்டும்.